இதில் என் பங்கு எவ்வளவு

டயர்க்கடைக்காரர் தன் தங்கையின் கணவனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் மாடிப்படி ஏறினார். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. மேலே இரண்டு அறைகள். முன்னறையில் சில நாற்காலிகளும் தண்ணீர்க் குடுவையும். உள்ளறையில் உளவியலாளர் இருந்தாள்.

"உட்காருங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு டயர்க்கடைக்காரர் தானே முதலில் உட்கார்ந்தார். பருத்த உடம்பு. நாற்காலி முனகியது.

"மேடம், சுருக்கமா சொல்லிடறேன். இவரு ஸ்கூல் வேன் ஓட்டறவரு. தங்கமான மனுஷன். குடி கிடையாது, ஒரு சிகரெட் கிடையாது. வீட்டு வாசல்ல வேனை ரிவர்ஸ் எடுக்கறப்போ..." செருமிவிட்டுத் தொடர்ந்தார். "புள்ள பின்னாடி வந்துடுச்சு. இவரோட புள்ளதான். மூணு வயசுகூட ஆகல."

வேன்காரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தான்.

"போலீஸே விபத்துன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. இவர் தப்பு எதுவும் இல்ல. நானும் தினமும் சொல்றேன், காதுல ஏறவே மாட்டேங்குது. வேலைக்குப் போறதில்ல, சாப்பிடறதில்ல. கேட்டா பதில் இல்ல. ஒரு டாக்டரா நீங்க ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா..."

"நான் டாக்டர் இல்லீங்க. மாத்திரை எழுத மாட்டேன்."

"பரவால்ல. சொன்னாப் போதும்."

"என்ன சொல்லணும்?"

"இவர் தப்பில்லன்னு."

அவள் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். அவரைக் கீழே போய்க் காத்திருக்கச் சொன்னாள்.

"அவர் வாயத் திறக்க மாட்டாரு மேடம். வேணும்னா அவருக்குப் பதிலா நான் உட்கார்ந்து பேசறேன்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"உங்களுக்கும் பேசணும்னா இன்னொரு நாள் வாங்க. உங்களுக்கும் மருமகதானே அந்தக் குழந்தை."

டயர்க்கடைக்காரர் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் உளவியல் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது, "பைத்தியத்துக்குப் படிக்கப் போறாளாம்" என்று சித்தி ஒருத்தி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். முதல் வேலை அரசு மருத்துவமனையில், தலையில் அடிபட்டவர்களின் வார்டில். பெண்டாட்டி பெயரை மறந்தவர்களிடம் குடை, சாவி, கத்தரிக்கோல் படங்களைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்கும் வேலை. அங்கிருந்து சிறைக்குப் போனாள். பத்து வருடத்துக்கும் மேல் அங்கேதான்.

சிறைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கனமான பாடப்புத்தகம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை கோபம், புதன்கிழமை குற்றவுணர்ச்சி, வெள்ளிக்கிழமை மன்னிப்பு என்று வரிசையாக. கைதிகள் கொட்டாவி விட்டார்கள். ஒருவன் பழுதான மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பேசினான். ஒருவனுக்கு அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டால்தான் வார்த்தை வந்தது. இன்னொருவன் சதுரங்கத்தில் தோற்கும் தறுவாயில் மட்டும் வாய் திறப்பான். அதற்காகவே அவள் சதுரங்கத்தில் தேற வேண்டியிருந்தது. பாடப்புத்தகம் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் போனது. அதிகம் பேசாமல் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்பாள் என்பதால் அவளுக்கு அங்கே 'ம் டீச்சர்' என்று பெயர்.

சிறையில் எல்லாரும் நான் செய்யவில்லை என்பார்கள். செய்ததை ஒப்புக்கொண்டவனும் குடிதான் செய்தது, தம்பிதான் தூண்டினான், அவள்தான் வாய் கொடுத்தாள் என்பான். அந்த மனிதனை, அன்று அவன் நின்ற அதே இடத்துக்கு மெல்ல மெல்லத் திரும்ப அழைத்துப் போவதுதான் அவள் வேலை. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபின் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்திருந்தாள். ஒருவன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். ஒருவன் தன் அம்மாவின் படத்தை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சினான். அந்த நேரத்தில் எழுந்து போய்விடக்கூடாது. அவள் கற்றதில் முக்கியமானது அதுதான்.

பிறகு புதிதாக ஒரு கண்காணிப்பாளர் வந்தார். கம்பளிகளை அடுக்கி வைக்க அவளுடைய அறை தேவைப்படுகிறது என்றார். அவள் வெளியே வந்து இந்த மாடியை வாடகைக்குப் பிடித்தாள். இப்போது வருகிறவர்கள் தேர்வுக்குப் பயந்தவர்கள், முகம் கொடுத்துப் பேசாத தம்பதிகள், லிஃப்டில் ஏற முடியாத ஒரு வங்கி அதிகாரி. உங்கள் சிகிச்சை முறை என்ன என்று யாராவது கேட்டால், "ஆளைப் பார்த்துத்தான் அளவெடுக்கணும்" என்பாள்.

முதல் நாள் வேன்காரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் ஏதாவது வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று ஒலி எழும். அப்போதெல்லாம் அவன் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது.

அடுத்த முறை அவன் வருவதற்கு முன்பே அவள் சுற்றுவட்டாரத்தில் தனியாக நடந்து பார்த்துவிட்டு வந்தாள். வண்டிகள் நுழைய முடியாத சந்து ஒன்று பழைய அச்சகத்தின் பின்புறமாகப் போய், கால்வாய்க் கரையில் முடிந்தது. அங்கிருந்து கரையோரமாகவே நடக்கலாம். இரைச்சல் இல்லை.

"இந்த ரூம் உங்களுக்குச் சரிப்படல. நடக்கலாமா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

அப்படித்தான் தொடங்கியது. பக்கத்தில் நடக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கையை எங்கே வைப்பது என்ற பிரச்சினையும் இல்லை. சில வாரங்கள் வெறுமனே நடந்தார்கள். ஒருநாள் அவன் தானாகவே பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினான். எந்தப் பெண்ணுக்கு வளைவில் வாந்தி வரும், எவன் பெல்ட்டைக் கழற்றிப் பக்கத்துப் பையன் கழுத்தில் மாட்டுவான், யார் வீட்டில் ஹாரன் அடித்தாலும் வெளியே வர அரை மணி ஆகும் என்றெல்லாம். பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"எல்லாரும் என் தப்பில்லன்னு சொல்றாங்க."

"ம்."

"நீங்க சொல்லவே இல்ல."

"எனக்குத் தெரியாதே. நான் அங்க இல்ல." அவள் நடந்துகொண்டே சொன்னாள். "உங்க வண்டி, ஸ்டியரிங்ல உங்க கை. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல உங்க பங்கு எவ்வளவுன்னு தெரியாது. தெரியாம, ஒண்ணுமே இல்லன்னு நான் சொன்னா அது பொய்யாப் போயிடும்."

அவன் நின்றுவிட்டான். முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கால்வாயின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, முன்னங்கையைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதான். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் டயர்க்கடைக்காரர் போன் செய்தார்.

"என்ன மேடம் சொன்னீங்க? நேத்து தட்டுல போட்டதப் பூரா சாப்பிட்டாரு!"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"அதையே சொல்லிட்டு வாங்க மேடம்."

வேன்காரனின் மனைவி ஒருநாள் வந்தாள். ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் தையல் வேலை. மெலிந்த பெண். பையின் பிடியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க மேடம். நான் வேலைக்குப் போறேன், வரேன். நீங்க அவரைப் பாருங்க, போதும். அவர் எப்பவும்போல சுத்திமுத்திப் பார்த்துட்டுத்தான் எடுத்தாரு. போலீஸ்லயும் அதான் சொன்னேன்."

"நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா. உள்ள இருந்து" என்றாள். பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

உளவியலாளர் அதைக் கவனித்தாள். ஆனால் தன்னிடம் வைத்தியத்துக்கு வந்தவன் கணவன். இவளுடைய கதவைத் தட்டும் உரிமை தனக்கில்லை என்று விட்டுவிட்டாள். உங்களுக்கும் யாராவது வேண்டும், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். "தேவைப்பட்டா சொல்றேன்" என்று மனைவி எழுந்துகொண்டாள்.

வேனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது வேன்காரன்தான். அது டயர்க்கடையின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. விற்கவும் யாருக்கும் மனம் வரவில்லை, தொடவும் துணிவில்லை.

"கண்ணாடியில தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைன்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க. நான் உட்கார்ந்து பார்க்கணும்" என்றான்.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பல நாள் யோசித்தாள். அந்த மாதிரி வண்டிகளைப் பற்றிப் படித்தாள். தெரிந்த ஓட்டுநர்களிடம் கேட்டாள். வேனின் பின்புறம் ஒட்டி நிற்கும் சிறு குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது என்று எல்லாருமே சொன்னார்கள். வாயால் ஆயிரம் முறை சொல்லிக் கேட்காதவன் தன் கண்ணால் பார்த்தால் நம்புவான். இவனுக்கு ஏற்ற வழி இதுதான் என்று நினைத்தாள். அவன் இறங்கியதும் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனத்துக்குள் தயார் செய்துகொண்டாள். சிறையில் ஒருநாளும் அவள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதில்லை.

கடை விடுமுறையான ஒரு காலையில் போனார்கள். டயர்க்கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, "உள்ள கொஞ்சம் வேலை இருக்கு" என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. விடுமுறை நாளில் அவருக்கு அடிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

வேனின் ஒரு சக்கரத்தில் காற்றில்லை. கண்ணாடிகளில் படிந்த தூசியை வேன்காரன் தன் கைக்குட்டையால் துடைத்தான்.

குழந்தையின் உயரத்துக்கு ஏதாவது வேண்டியிருந்தது. கடையில் சாலையோரம் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று இருந்தது.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டாள்.

அவன் தன் தொடைக்குப் பக்கத்தில் உள்ளங்கையைத் தட்டையாகப் பிடித்துக் காட்டினான். "இவ்ளோ." காட்டிய கையை உடனே எடுக்கவில்லை. அவள் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் கூம்பை வைத்தாள். உயரம் சரியாக இருந்தது.

அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவள் கூம்பை வண்டியின் பின்புறம் நடுவில் வைத்தாள்.

"தெரியுதா?"

"இல்ல."

கொஞ்சம் நகர்த்தினாள். "இப்போ?"

"இல்ல."

இன்னும் நகர்த்தினாள். அப்போதும் தெரியவில்லை. அவள் நெஞ்சு இலேசானது. தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன. அதற்குள் அவன் இறங்கி வந்தான்.

"மேடம், அவ அங்கருந்து வரல."

"பின்ன?"

"எங்க வாசல்ல இடது பக்கச் சுவர் ஓரமா ஒரு குழாய் இருக்கு. அங்கதான் விளையாடிட்டு இருந்தா. அங்கருந்துதான் வந்தா. கை ரெண்டும் ஈரமா இருந்துச்சு."

அவன் கூம்பையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போய் வண்டியின் இடது பக்கம், சற்றுத் தள்ளி வைத்தான். "நீங்க ஏறிப் பாருங்க."

அவள் ஏறினாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. இடது கண்ணாடியில் ஆரஞ்சுக் கூம்பு அடி முதல் நுனிவரை பளிச்சென்று நின்றது. அவன் அதைப் பின்சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தான். வைத்த ஒவ்வொரு இடத்திலும் தெரிந்தது. கண்ணாடியில் கூம்பும், அதன் பின்னால் குனிந்திருக்கும் அவனும்.

"தெரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டான்.

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"தெரியுது" என்றாள்.

"எதுவரைக்கும்?"

"கிட்டத்தட்டக் கடைசிவரைக்கும்."

அவன் தலையாட்டினான். அதிர்ச்சி இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாதது மற்றவர்களுக்குத்தான்.

அவன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். அவள் இறங்கி வந்து பக்கத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தாள். உள்ளே இரும்பு ஓசை நின்றிருந்தது.

"அன்னைக்குக் காலையில சண்டை" என்றான். "பெருசா ஒண்ணும் இல்ல. சட்டையில ஒரு பட்டன் போயிருந்துச்சு. தைச்சு வைன்னு சொல்லியிருந்தேன், மறந்துட்டா. ஊருக்கெல்லாம் தைக்கிற, புருஷன் சட்டைக்கு ஒரு பட்டன் தைக்க நேரமில்லையான்னு கேட்டேன். அவ ஒண்ணு சொன்னா, நான் ஒண்ணு சொன்னேன். நான் கோவமாப் போறேன்னு அவளுக்குத் தெரியணும், அவ்ளோதான் என் மனசுல இருந்துச்சு. வண்டிக் கதவ அறைஞ்சேன். நல்லா சத்தம் வரட்டும்னு மிதிச்சேன்."

அவள் 'ம்' கூடச் சொல்லவில்லை.

"வீட்டு ஜன்னலத்தான் பார்த்துட்டு இருந்தேன் மேடம். எட்டிப் பார்க்கறாளான்னு. கண்ணாடியப் பார்க்கல. ஜன்னல மட்டுந்தான் பார்த்தேன்."

அவள் தயார் செய்துகொண்டு வந்த எதுவும் இப்போது பயன்படாது. ஆனால் இப்படி ஒரு இடத்தில் அவள் முன்பும் உட்கார்ந்திருக்கிறாள், இரும்புக் கம்பிகளுக்கு உள்ளே, வேறு வேறு மனிதர்களோடு. எழுந்து போகக்கூடாது. ஆறுதல் சொல்லி அவன் வாயை அடைக்கக்கூடாது.

"அப்போ இதுல உங்க பங்கு இருக்கு" என்றாள்.

"இருக்கு."

"முழுசும் உங்களோடதா?"

அவன் கூம்பைப் பார்த்தான். "தெரியல."

"அத இன்னைக்கு முடிவு பண்ண வேண்டாம். நான் நேரடியாக் கேக்கறேன், நேரடியா சொல்லுங்க. செத்துப்போயிடணும்னு தோணுதா?"

"தினமும் தோணும். இப்போ கொஞ்சம் கம்மியா இருக்கு. ஏன்னு தெரியல."

கம்மி என்ற சொல்லை அவள் நம்பவில்லை. சிறையில் அப்படிச் சொன்ன மறுநாளே போனவன் உண்டு. டயர்க்கடைக்காரரைக் கூப்பிட்டாள். அன்றே மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போய், அவளுக்குப் பழக்கமான மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். தூங்க மாத்திரை கொடுத்தார். அது டயர்க்கடைக்காரர் கையில்தான் இருக்க வேண்டும் என்றார். அவனைக் கொஞ்ச நாள் தனியாக விடுவதில்லை என்று முடிவானது. "நான் பக்கத்துலயே படுத்துக்கறேன். என் குறட்டையில எமனே எட்டிப் பார்க்க மாட்டான்" என்றார் டயர்க்கடைக்காரர். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவியிடம் சொல்லப் போகிறேன் என்று அவன் நின்றபோது, கொஞ்சம் பொறுங்கள், அவளுக்குத் துணையாக வேறொரு ஆலோசகர் இருக்கும்போது சொல்லலாம் என்று உளவியலாளர் கேட்டுக்கொண்டாள். சரி என்றான். ஆனால் பொறுக்கவில்லை. ஒருநாள் மதியம் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டான்.

மறுநாள் மனைவி படியேறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம்ல மேடம்?"

உளவியலாளர் கதவைச் சாத்தினாள்.

"சாப்பிட வெச்சீங்க, தூங்க வெச்சீங்க. அதோட விட்டிருக்கலாம்ல? அந்த வண்டியப் போய் ஏன் தோண்டினீங்க? அவர் பாட்டுக்கு, நான் உன் ஜன்னலத்தான் பார்த்துட்டு இருந்தேன்ங்கறாரு. நான் எங்க இருந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லுங்க."

"கர்ட்டன் பின்னாடி. அவர் பார்க்கறது எனக்குத் தெரிஞ்சுது. பார்க்கட்டும், நான் வர மாட்டேன்னு நின்னேன். வேணும்னே நின்னேன் மேடம். கோவத்துல கண்ண மூடிட்டு நின்னேன். குட்டி குழாய்கிட்ட இருக்கறது எனக்குத் தெரியும். எப்பவும் வண்டி எடுக்கறப்போ நான்தான் வெளிய வந்து தூக்கிக்குவேன்." பையின் பிடி அறுந்துவிடும்போல முறுக்கியிருந்தாள். "இத யார்கிட்டயும் சொல்லாம செத்துப்போகலாம்னு இருந்தேன். அவருக்குத் தெரியாம அவரையும் காப்பாத்திட்டு இருந்தேன். இப்போ ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ள எப்படி இருக்கறது? அவர் மூஞ்சியப் பார்த்தா ஜன்னல் தெரியுது. என் மூஞ்சியப் பார்த்தா அவருக்கு என்ன தெரியும்?"

"இத அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. நீங்களும் சொல்லக்கூடாது."

"நான் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா இத நீங்க தனியா தூக்கிட்டுப் போகாதீங்க. நான் அன்னைக்குச் சொன்னவங்க..."

"இன்னொருத்தரா?" மனைவி சிரித்தாள். பார்க்கப் பயமாக இருந்த சிரிப்பு. "ஒருத்தர் செஞ்சதே போதும் மேடம்."

அந்த வாரமே அவள் வேறொரு ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் தையல் வேலை கிடைத்தது. டயர்க்கடைக்காரர் போய் அழைத்தும் வரவில்லை. "என்னை விட்டுடு அண்ணா" என்று மட்டும் சொன்னாளாம்.

வேன்காரன் காவல் நிலையத்துக்குப் போவது என்று முடிவெடுத்தான்.

"ஜெயில்ல போட்டாங்கன்னா சரியாயிடுமா மேடம்? நீங்க அங்க வேலை பார்த்தவங்கதானே, சொல்லுங்க."

கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் யோசித்துப் பதில் சொன்னாள்.

"தண்டனை முடிஞ்சா இதுவும் முடிஞ்சிடும்னு நிறையப் பேர் நினைச்சாங்க. தண்டனை முடிஞ்சுது. வெளிய போனாங்க. இதையும் கையோட எடுத்துக்கிட்டுத்தான் போனாங்க. ஆனா போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். உண்மையச் சொல்றது வேற, தண்டனை கேக்கறது வேற. எதுக்குப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

அவன் போனான். ஆய்வாளர் அப்போது பழுதான பிரிண்டரின் வயிற்றில் கைவிட்டுக் காகிதத்தை உருவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கையில் அப்பியிருந்த மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, ஃபைல் மூடியாச்சு. இதத் திறந்தா உன் சம்சாரம் குடுத்த வாக்குமூலம் பொய்னு ஆகும். அந்தப் பொண்ணையும் இழுக்கணும். இழுக்கவா?"

அவன் வேண்டாம் என்றான்.

"வீட்டுக்குப் போ. எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் இயந்திரத்துக்குள் கையை விட்டார்.

டயர்க்கடைக்காரர் இதைக் கேட்டதும் மாடியேறி வந்து கத்தினார். குடும்பத்தையே பிரித்துவிட்டீர்கள், நான் சொல்லச் சொன்னது ஒரே ஒரு வரி, அதைச் சொல்லியிருந்தால் என் தங்கை இன்று இங்கே இருப்பாள் என்றார். அவள் எதையும் மறுக்கவில்லை. கத்தி முடித்ததும் அவர் அதே முனகும் நாற்காலியில் உட்கார்ந்து, "புள்ள என்னை மாமான்னு கூப்பிட மாட்டா மேடம். டயர் மாமாம்பா" என்றார். பிறகு வெகுநேரம் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார். அதற்குப் பின் மாதம் ஒருமுறை அவரும் வரத் தொடங்கினார், தனக்காக.

அந்த நாட்களில் உளவியலாளரும் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியாரான அவள் கணவர் ஒரு மாலையில் கேட்டார்.

"நீ செஞ்சது சரிதானே? அவன் கேட்டான், நீ காட்டின."

"காட்டினது சரி. தெரியுதான்னு கேட்டப்போ தெரியுதுன்னு சொன்னதும் சரி. ஆனா விடைய நானே எழுதி வெச்சுக்கிட்டுப் போனேன். வேற விடையும் வரலாம்னு யோசிச்சிருந்தா, அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே ஒரு ஆளை ஏற்பாடு பண்ணியிருப்பேன். அன்னைக்கு அவ பதில் சொன்ன வேகத்தைப் பார்த்தேன். பார்த்துட்டு விட்டுட்டேன்."

"இப்போ என்ன பண்ணப் போற?"

"அவன் வர்ற வரைக்கும் அவனோட நடப்பேன். வேற என்ன?"

அவன் வந்தான். தவறாமல் வந்தான். வண்டி ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டான். காய்கறி மொத்தச் சந்தையில் மூட்டை தள்ளும் வேலையில் சேர்ந்தான். நாலு சக்கரத் தள்ளுவண்டிதான், ஆனால் முன்னால் பார்த்துத் தள்ளுவது. கைகள் காய்த்துப்போயின. சில வாரங்கள் நன்றாக இருப்பான். சில வாரங்கள் மீண்டும் வாயே திறக்க மாட்டான். ஒருமுறை கொடுத்த மாத்திரைகளை விழுங்காமல் சேர்த்து வைத்திருந்ததை டயர்க்கடைக்காரர் கண்டுபிடித்தார். மறுபடி மருத்துவமனை, மறுபடி தொடக்கத்திலிருந்து. ஜன்னலுக்குப் பின்னால் யார் நின்றிருந்தார் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. உளவியலாளருக்குத் தெரியும். அதைச் சுமந்துகொண்டே அவன் பக்கத்தில் நடந்தாள்.

குழந்தையின் பிறந்தநாள் வந்த வாரம் அவள் பயந்துகொண்டிருந்தாள். அவன் வழக்கமான நேரத்துக்கு வந்தான். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சவரம் செய்திருந்தான். பாதி தூரம் நடந்தபின் சொன்னான்.

"நேத்து அவ போன் பண்ணினா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நானும் பேசல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. பின்னாடி தையல் மெஷின் ஓடுற சத்தம். அவ வெக்கல. நானும் வெக்கல."

"எவ்வளவு நேரம்?"

"என் போன்ல சார்ஜ் தீர்ற வரைக்கும்."

கால்வாயில் தண்ணீர் குறைந்து சேறு தெரிந்தது. யாரோ வீசிய பழைய நாற்காலி ஒன்று அதில் பாதி புதைந்து கிடந்தது. இருவரும் அதைத் தாண்டி நடந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் அவள்.

"சார்ஜ் போட்டேன். போட்டவுடனே திரும்பவும் அடிச்சுது."